தரவோடு ஒரு வார இறுதி: சமூக நல ஹேக்கத்தான் பற்றி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சமூக நல ஹேக்கத்தான் என்பது, மாணவர்கள் குழுக்களாகச் சேர்ந்து ஒரு வார இறுதிக்குள் தரவை வைத்து ஒரு சமூகப் பிரச்சினைக்கு விடை தேடும் போட்டி. அதற்குப் பெயர் கொடுப்பதற்கு முன்பும் சரி, சனிக்கிழமை நள்ளிரவில் கண் எரிய உட்கார்ந்திருக்கும்போதும் சரி, மாணவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். வழிகாட்டியாகவும் நடுவராகவும் இருந்து கேட்டவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. நேரம் குறைவு என்றால் பிரச்சினையைத் தேர்ந்தெடுப்பது, தரவைச் சுத்தம் செய்வது பற்றிய இரண்டு பதில்களை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

இது வழக்கமான ஹேக்கத்தானிலிருந்து எந்த விதத்தில் வேறு?

வழக்கமான ஹேக்கத்தானில் யோசனை உங்களுடையது. இங்கே கேள்வி வேறொருவருடையது. ஒரு தொண்டு நிறுவனமோ, மருத்துவமனையோ, உள்ளாட்சி அமைப்போ தன்னிடம் சேர்ந்து கிடக்கும் தரவையும், விடை தெரியாமல் தடுமாறும் ஒரு கேள்வியையும் எடுத்துக்கொண்டு வரும். வெள்ளி மாலை அதை உங்கள் முன் வைப்பார்கள். ஞாயிறு பிற்பகலில் நீங்கள் எழுந்து நின்று ஏதாவது சொல்லியாக வேண்டும்.

இந்த வடிவம் ஒன்றும் புதிதில்லை. 1999-இல் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை உருவாக்கும் நிரலாளர்கள் கனடாவின் கால்கரியில் கூடி வேலை செய்தது, ஹேக்கத்தான் என்ற பெயரில் நடந்த முதல் சந்திப்புகளில் ஒன்று. அது நிரலாளர்களின் கூட்டம். மாணவர்களுக்குத் தரவைக் கொடுத்து ஒரு வார இறுதி முழுக்க உட்கார வைப்பதில் பேர்பெற்றது டேட்டாஃபெஸ்ட். 2011-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் தொடங்கி, பிறகு பல பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது. அதே 2011-இல் தொடங்கிய டேட்டாகைண்ட் அமைப்பு, தரவு தெரிந்த தன்னார்வலர்களையும் தொண்டு நிறுவனங்களையும் வார இறுதிகளில் ஒரே மேசையில் உட்கார வைத்தது. இன்று நடக்கும் சமூக நல ஹேக்கத்தான்களில் இந்த இரண்டின் சாயலையும் பார்க்கலாம்.

எனக்கு கோடிங் தெரியாது. வரலாமா?

தாராளமாக வாருங்கள். ஒப்புக்குச் சொல்லவில்லை. ஐந்து பேரும் கணினி அறிவியல் படிக்கும் டீம்கள் எங்கே தடுக்கி விழுகின்றன என்று கவனித்திருக்கிறேன். கோட் நன்றாகவே ஓடும். ஆனால் 'ரெஃபரல்' என்ற நெடுவரிசையில் இருப்பது நோயாளி எங்கிருந்து அனுப்பப்பட்டார் என்பதா, எங்கே அனுப்பப்பட்டார் என்பதா என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு நர்சிங் மாணவியோ சமூகப்பணி படிக்கும் மாணவரோ உடன் இருந்தால் அந்தக் கேள்வி முதல் பத்து நிமிடத்திலேயே வந்துவிடும்.

1854-இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ போட்ட வரைபடத்தைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். பிராட் தெரு அடிபம்பைச் சுற்றி மரணங்கள் குவிந்திருக்கும். ஆனால் வரைபடம் மட்டும் அவருக்குப் போதவில்லை. பம்புக்குப் பக்கத்திலேயே இருந்த மது ஆலைத் தொழிலாளர்கள் ஏன் சாகவில்லை என்று நேரில் போய் விசாரித்தார். அவர்களுக்கு ஆலையிலேயே பீர் கிடைத்தது, ஆலைக்குச் சொந்தக் கிணறும் இருந்தது, பம்புத் தண்ணீரை அவர்கள் தொடுவதே இல்லை. வரைபடத்தில் பொருந்தாமல் நின்ற புள்ளியைப் போய் விசாரிக்கிற ஆள் உங்கள் டீமில் யார்? அவருக்குப் பைத்தான் நிரல்மொழி தெரியாவிட்டாலும் பாதகமில்லை.

விரிதாளில் வடிகட்டவும், வரிசைகளை வகைவாரியாகத் தொகுத்துக் காட்டும் பிவட் அட்டவணை போடவும் தெரிந்தால் நிறைய வேலை செய்யலாம். அதுவும் தெரியாதென்றால் முந்தைய வாரம் ஒரு மாலை உட்கார்ந்தால் பழகிவிடலாம்.

டீமில் எத்தனை பேர்? தனியாக வந்தால்?

நான்கு பேர் நல்ல எண்ணிக்கை, ஐந்தும் பரவாயில்லை. ஆறானால் இரண்டு பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். தனியாக வருபவர்களை வெள்ளி இரவே சேர்த்துவிடுவார்கள், கூச்சப்படாமல் போய்ப் பேசுங்கள். ஒரே வகுப்பு நண்பர்களாகச் சேர்வது வசதி. ஆனால் எல்லோருக்கும் ஒரே வேலைதான் தெரியும் என்பது சனிக்கிழமை மதியம் புரியும்.

பல பிரச்சினைகள் கொடுக்கிறார்கள். எதை எடுப்பது?

பெரும்பாலான டீம்கள் கோட்டை விடும் இடம் இதுதான். எது பெரிதாக ஒலிக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்வார்கள்: வறுமை, பருவநிலை, கல்வி. வெள்ளி இரவு உற்சாகமாக இருக்கும். சனி காலை பத்து மணிக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் வெள்ளைப்பலகை முன்னால் நிற்பார்கள்.

தேர்ந்தெடுக்க ஒரே ஒரு சோதனை போதும். நிறுவனத்திலிருந்து வந்தவரிடம் இப்படிக் கேளுங்கள்: "இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், திங்கட்கிழமை உங்கள் அலுவலகத்தில் யார் எதை மாற்றிச் செய்வார்கள்?" பெயரோ பதவியோ சொல்லி, ஒரு செயலையும் சொன்னால் அந்தப் பிரச்சினையை எடுங்கள். "விழிப்புணர்வு ஏற்படும்" என்று பதில் வந்தால் இன்னும் கொஞ்சம் பேசிப் பாருங்கள். அப்போதும் தெளியவில்லை என்றால் அடுத்த மேசைக்குப் போய்விடுங்கள்.

ஓர் உதவி எண் சேவை தன் அழைப்புப் பதிவுகளைக் கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்வோம். தேதி, நேரம், மொழி, எத்தனை நிமிடம் பேசினார்கள், எடுக்கப்பட்டதா தவறியதா, இவ்வளவுதான் நெடுவரிசைகள். ஒரு டீம் அடுத்த மாதம் எத்தனை அழைப்புகள் வரும் என்று கணிக்க நியூரல் நெட்வொர்க் என்ற சிக்கலான கணிப்பு முறையைப் போடுகிறது. இன்னொரு டீம் ஏழு நாளையும் 24 மணி நேரத்தையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் தவறிய அழைப்புகளின் விகிதத்தை நிறமாகத் தீட்டுகிறது. ஞாயிறு இரவு ஏழிலிருந்து ஒன்பது வரை மட்டும் அடர் சிவப்பு. அதைப் பார்த்ததும் ஒருங்கிணைப்பாளர், "அது ஷிஃப்ட் மாறுகிற நேரம்" என்கிறார். அடுத்த ஞாயிறே ஒரு தன்னார்வலரை முன்கூட்டி வரச் சொல்லலாம். முதல் டீமின் கணிப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அதை வைத்து அவர் செய்ய ஒன்றுமில்லை.

கேள்வியைச் சுருக்கத் தயங்காதீர்கள். 'பள்ளி இடைநிற்றலைத் தடுப்பது எப்படி' என்பது ஒரு வார இறுதிக்கான கேள்வியே கிடையாது. 'எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்புக்குப் போகும்போது அதிகம் பேர் நின்றுவிடுகிறார்கள், அது ஆண், பெண் பிள்ளைகளுக்குள் வேறுபடுகிறதா' என்பது செய்து முடிக்கக்கூடியது.

தரவை முன்கூட்டியே கொடுப்பார்களா?

பெரும்பாலும் மாட்டார்கள். எல்லோருக்கும் சமமான தொடக்கம் என்பது ஒரு காரணம். தரவைக் கையாள்வது பற்றிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய பிறகே திறப்பார்கள் என்பது இன்னொன்று. அந்த ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் கோப்புகளை அழிக்க வேண்டுமா என்பதும் அதில்தான் இருக்கும்.

கொடுத்த தரவு ஒரே குப்பையாக இருக்கிறது. என்ன செய்வது?

அது இயல்பு. வார இறுதியில் பாதி சுத்தம் செய்வதிலேயே போகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். முதலில் மூலக் கோப்பை ஒரு தனி ஃபோல்டரில் போட்டுவிட்டு அதைத் தொடவே தொடாதீர்கள். எல்லா மாற்றமும் நகலில்தான். அப்புறம், செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு வரி எழுதி வையுங்கள். ஞாயிறு மதியம் "இந்த 412 வரிசைகள் எங்கே போயின?" என்று ஒருவர் கேட்டால் பதில் வேண்டும்.

திரும்பத் திரும்பத் தட்டுப்படும் சில கோளாறுகள்: 03/04 என்றிருந்தால் அது மார்ச்சா ஏப்ரலா? ஒரே கோப்பில் இரண்டு பேர் இரண்டு விதமாக நிரப்பியிருப்பார்கள். நாள் 12-ஐத் தாண்டும் தேதிகளைத் தேடிப் பார்த்தால் யார் எந்தப் பழக்கத்தில் எழுதினார் என்பது தெரியும். வயது 999 என்றிருந்தால் 'தெரியவில்லை' என்பதற்கான குறியீடு அது. சராசரி எடுக்கும் முன் விலக்குங்கள். வெற்றுக் கட்டமும் பூஜ்யமும் வேறுவேறு. 'அன்று யாரும் வரவில்லை' என்பதும் 'அன்று யாரும் பதிவு செய்யவில்லை' என்பதும் எக்செலில் ஒரே மாதிரி தெரியக்கூடும். தொலைபேசி எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விரிதாள் விழுங்கிவிடும். பெயர்கள் கட்டங்கட்டமாகத் தெரிந்தால் கோப்பின் எழுத்துக் குறியீட்டு முறையை யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுத் திறந்து பாருங்கள். வரைபடத்தில் உங்கள் புள்ளிகள் எல்லாம் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலில் குவிந்தால், அட்சரேகையும் தீர்க்கரேகையும் பூஜ்யமாகப் பதிவாகியிருக்கின்றன என்று பொருள். புள்ளிகள் வேறு கண்டத்துக்குத் தாவினால் இரண்டும் இடம் மாறியிருக்கலாம். வரைபடத் தரவுக்கான ஜியோஜேசன் கோப்பு வடிவத்தில் தீர்க்கரேகைதான் முதலில் வரும், பலர் இதில் ஏமாறுகிறார்கள்.

இவை மாணவர்களுக்கு மட்டும் நேர்வதல்ல. 2020 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தில் 15,841 கோவிட் தொற்றாளர்கள் தினசரிக் கணக்கிலிருந்து விடுபட்டுப் போனார்கள். ஆய்வகங்கள் அனுப்பிய சி.எஸ்.வி. கோப்புகளை எக்செலின் பழைய எக்ஸ்.எல்.எஸ். வடிவத்துக்கு மாற்றியிருந்தார்கள். அதில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான். அதற்கு மேல் வந்தவை சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டன, அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடுவதும் தள்ளிப்போனது. மரபணு ஆய்வாளர்களின் கதை இன்னும் வேடிக்கையானது. 'மார்ச்1', 'செப்ட்1' என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், கடைசியில் மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள். அந்த அறிவிப்பு வந்ததும் 2020-இல்தான்.

எனவே கோப்பைத் திறந்த உடனே ஒரு பழக்கம்: எத்தனை வரிசை என்று எண்ணுங்கள், நிறுவனத்துக்காரரிடம் எத்தனை இருக்க வேண்டும் என்று கேளுங்கள். இரண்டும் பொருந்தினால்தான் அடுத்த வேலை.

பெயர்களை நீக்கிவிட்டார்கள். அப்புறம் தனியுரிமைக் கவலை எதற்கு?

பெயர் இல்லாவிட்டாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால்தான். 1990-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், அரசு ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளைப் பெயர், முகவரி நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. யாரையும் அடையாளம் காண முடியாது என்று உறுதியும் தரப்பட்டது. அப்போது எம்ஐடி பல்கலைக்கழக மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி 20 டாலருக்கு அதே மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை வாங்கி இரண்டையும் ஒப்பிட்டார். அம்மாநில ஆளுநர் வில்லியம் வெல்ட் பிறந்த அதே தேதியில் பிறந்தவர்கள் அந்தப் பட்டியலில் 6 பேர். அவர்களில் ஆண்கள் 3 பேர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் வசித்தவர் ஒருவர்தான். ஆளுநரின் மருத்துவப் பதிவு கையில் வந்துவிட்டது. பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை வைத்தே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று பிறகு கணக்கிட்டும் காட்டினார்.

அதனால் சில கட்டுப்பாடுகள். பிறந்த தேதிக்குப் பதில் வயதுப் பிரிவு. முகவரிக்குப் பதில் பெரிய பகுதி. ஓர் அட்டவணைக் கட்டத்தில் மிகச் சிலரே வந்தால், ஐந்துக்குக் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த எண்ணைக் காட்டாதீர்கள். சிறிய ஊரில் 'எச்ஐவி, பெண், 15 முதல் 19 வயது: 1' என்று ஒரு டேஷ்போர்டு காட்டினால் அந்தப் பெண் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். கோடைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில், எல்லோரும் பார்க்கக்கூடிய களஞ்சியத்தில் தரவுக் கோப்பை ஏற்றாதீர்கள். ஒருமுறை ஏற்றிவிட்டு அழித்தாலும் பழைய வரலாற்றில் அது இருக்கும்.

ஏஐ கருவிகளைப் பயன்படுத்தலாமா?

விதிகள் அனுமதித்தால் பயன்படுத்துங்கள். கோட் எழுதவும் பிழை தேடவும் நன்றாக உதவும். மனிதர்களைப் பற்றிய வரிசைகளை அப்படியே ஒட்டுவது மட்டும் கூடாது. நெடுவரிசைப் பெயர்களையும் கற்பனையான இரண்டு வரிசைகளையும் கொடுத்தாலே போதும். இன்னொன்று, இந்தக் கருவிகள் பைத்தானின் தரவு நூலகமான பாண்டாஸில் எழுதித் தரும் கோடில் 'டிராப் என்ஏ' என்று ஒரு வரி அடிக்கடி ஒளிந்திருக்கும். விடுபட்ட மதிப்புள்ள எல்லா வரிசையையும் அது தூக்கி எறிந்துவிடும். விவரங்களை முழுமையாக நிரப்ப முடியாதவர்கள்தான் பெரும்பாலும் மிகவும் உதவி தேவைப்படுபவர்கள். ஒவ்வொரு படிக்குப் பிறகும் வரிசை எண்ணிக்கையை அச்சிட்டுப் பாருங்கள்.

மெஷின் லேர்னிங் மாடல் இல்லாமல் பரிசு கிடைக்குமா?

கிடைக்கும், கிடைத்தும் இருக்கிறது. மாடல், அதாவது பழைய தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் நிரல், போட்டே தீர வேண்டும் என்றால் முதலில் சும்மா ஒரு சராசரியோடு ஒப்பிடுங்கள். 'போன வாரம் நடந்ததே இந்த வாரமும் நடக்கும்' என்ற ஊகத்தை உங்கள் மாடல் வெல்லவில்லை என்றால் அதை மேடைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

அதைவிட முக்கியம், எதைக் கணிக்கிறீர்கள் என்பது. அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்பட்ட ஓர் அல்காரிதம் பற்றி 2019-இல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. யாருக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று சொல்வதுதான் அதன் வேலை. ஆனால் அது உண்மையில் கணித்தது மருத்துவச் செலவை. கறுப்பின நோயாளிகளுக்கு அதே நோய்க்குக் குறைவாகவே செலவிடப்பட்டு வந்ததால், அவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்று அது எடுத்துக்கொண்டது. அந்தப் பிழையைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆக உயரும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். கணிதத்தில் தவறே இல்லை. 'தேவை' என்று எழுத வேண்டிய இடத்தில் 'செலவு' என்ற நெடுவரிசை இருந்தது, அவ்வளவுதான்.

தரவில் யார் இல்லை என்பதும் இதோடு சேர்ந்தது. பாஸ்டன் நகரம் சாலைக் குழிகளைக் கண்டறிய ஒரு செயலி விட்டது. கார் குலுங்கும்போது போனே அதைப் பதிந்து அனுப்பிவிடும். ஸ்மார்ட்போன் அதிகம் இருந்த பகுதிகளிலிருந்துதானே பதிவுகள் அதிகம் வரும்? ஏழைகளும் முதியோரும் வாழும் தெருக்களில் குழியே இல்லை என்று வரைபடம் சொல்லும் ஆபத்து அதில் இருந்தது.

இரவெல்லாம் விழித்திருக்க வேண்டுமா?

வேண்டாம், போய்த் தூங்குங்கள். அதிகாலை மூன்று மணிக்கு இரண்டு அட்டவணைகளைத் தப்பாக இணைத்து, காலை பதினொன்றுக்குக் கண்டுபிடிக்கும் டீம்கள் ஒவ்வொரு முறையும் உண்டு.

பிரசன்டேஷனில் நடுவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

கொடுப்பது மூன்று நிமிடமோ ஐந்து நிமிடமோதான். முதல் அரை நிமிடத்தில் யாருடைய பிரச்சினை, அவர் இப்போது எப்படிச் சமாளிக்கிறார் என்று சொல்லிவிடுங்கள். டீம் அறிமுகம், லோகோ, பயன்படுத்திய தொழில்நுட்பப் பட்டியல் எல்லாம் நேர விரயம். ஒரே ஒரு விளக்கப்படம், அதன் தலைப்பிலேயே கண்டுபிடிப்பு. 'மாதவாரி வருகை' என்று போடாதீர்கள், 'தேர்வு மாதங்களில் வருகை பாதியாகிறது' என்று போடுங்கள். எண்ணிக்கையை அப்படியே வரைபடத்தில் தீட்டினால் மக்கள்தொகை அதிகமுள்ள இடம்தான் சிவக்கும். ஆயிரம் பேருக்கு எத்தனை என்று மாற்றுங்கள். சிவப்பு, பச்சையை மட்டும் நம்பாதீர்கள், அரங்கில் நிறக்குறைபாடு உள்ளவர்கள் இருக்கலாம்.

நான் நடுவராக இருக்கும்போது கேட்கும் கேள்விகள் இரண்டு: இந்த எண் எப்படி வந்தது? எது உங்களுக்கு இன்னும் உறுதியாகத் தெரியவில்லை? இரண்டாவதற்கு நேர்மையான பதில் வைத்திருக்கும் டீமுக்கு என் மதிப்பெண் ஏறும். மற்ற நடுவர்களைப் பற்றி நான் உத்தரவாதம் தர முடியாது, மின்னும் டெமோவுக்கு மயங்குபவர்களும் உண்டு. டெமோவை முன்பே வீடியோவாகப் பதிவு செய்து வையுங்கள். அரங்கத்து வைஃபை உங்கள் முறை வரும்போதுதான் படுத்துக்கொள்ளும்.

நாங்கள் எழுதிய கோட் யாருக்குச் சொந்தம்?

பொதுவாக உங்களுக்கு. சில நிகழ்ச்சிகளின் விதிகள் வேறு மாதிரி இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவனம் அதைப் பயன்படுத்த வேண்டுமென்றால் எம்ஐடி உரிமம் போன்ற, யாரும் பயன்படுத்த அனுமதிக்கும் ஒரு திறந்த உரிமத்தைச் சேர்த்துவிடுங்கள். உரிமம் எதுவும் போடாமல் இணையத்தில் வைத்தால், பார்க்க முடியுமே தவிர மற்றவர்களுக்கு எடுத்துப் பயன்படுத்தும் உரிமை வராது. தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை எடுத்திருந்தால் அதன் பங்களிப்பாளர்களைக் குறிப்பிடுவது கட்டாயம்.

திங்கட்கிழமைக்குப் பிறகு இதெல்லாம் என்ன ஆகும்?

பெரும்பாலானவை அப்படியே நின்றுவிடும். மறைப்பதில் பயனில்லை. நிறுவனத்தில் பைத்தான் தெரிந்தவர் இருக்க மாட்டார், உங்களுக்குத் தேர்வு வந்துவிடும், இலவச சர்வர் காலாவதியாகிவிடும்.

தாக்குப்பிடித்தவற்றைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது: அவை ஏற்கெனவே யாரோ உடனடியாகக் கேட்டுக்கொண்டிருந்ததைக் கொடுத்தன. 2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது போர்ட்-ஓ-பிரின்ஸ் நகருக்கு நல்ல சாலை வரைபடமே இல்லை. உலகின் பல மூலைகளிலிருந்து நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருத் தெருவாக ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்தார்கள். சில நாட்களிலேயே மீட்புக் குழுக்கள் அதை வைத்து வழி தேடின. 2008-இல் கென்யத் தேர்தல் வன்முறையின்போது சில நாட்களில் எழுதப்பட்ட உஷாஹிடி என்ற மென்பொருள், எங்கே என்ன நடக்கிறது என்று மக்கள் குறுஞ்செய்தியில் அனுப்புவதை வரைபடத்தில் காட்டியது. அது பிறகு பல நாடுகளில் பயன்பட்டது.

உங்கள் அளவில் செய்யக்கூடியது: ஞாயிறு கடைசி இரண்டு மணி நேரத்தை ஒப்படைப்புக்கு ஒதுக்குங்கள். சுத்தம் செய்த தரவை ஒரு சாதாரண விரிதாளாகக் கொடுங்கள். என்னென்ன மாற்றினோம் என்று ஒரு பக்கம். அதை மாதாமாதம் புதுப்பிக்கும் வழியை நிறுவனத்து ஆளின் லேப்டாப்பிலேயே ஒருமுறை அவரையே செய்யவிட்டுப் பாருங்கள். அவர் எங்கே திணறுகிறாரோ அதைச் சரிசெய்தால் போதும், புதிய வசதி எதுவும் சேர்க்க வேண்டாம்.

நாங்கள் ஒரு சிறிய தொண்டு நிறுவனம். தரவு கொடுக்க விரும்பினால்?

இதை மாணவர்கள் கேட்பதில்லை, ஆனால் அடிக்கடி வருகிறது. "எங்களுக்கு ஓர் ஆப் வேண்டும்" என்று வராதீர்கள். எந்த முடிவை எடுக்கத் திணறுகிறீர்கள் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு நெடுவரிசையும் எதைக் குறிக்கிறது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். தரவைப் பகிர உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்பதைச் சில வாரம் முன்பே பார்த்துவிடுங்கள். அப்புறம், அந்தப் படிவங்களைத் தினமும் நிரப்புகிற ஒருவரைச் சனிக்கிழமை முழுநாளும் அனுப்புங்கள். தொடக்க விழாவில் பேசிவிட்டுப் போகும் இயக்குநரைவிட அவரால்தான் பயன் அதிகம்.

என்ன எடுத்து வர வேண்டும்?

லேப்டாப், சார்ஜர், கல்லூரி அடையாள அட்டை, மருந்து சாப்பிடுபவர் என்றால் மருந்து. மென்பொருட்களை வீட்டிலேயே நிறுவிவிடுங்கள், முந்நூறு பேர் ஒரே நேரத்தில் பதிவிறக்கினால் நெட் நகராது. காகிதமும் பேனாவும் கட்டாயம். முடிந்தால் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்: அதை வைத்திருப்பவரின் மேசைக்கு மற்ற டீம்கள் தாமாகவே வந்து பேசும்.